காற்றாலை இறக்கையும் நம் கல்லூரித் தராசும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

எங்கள் ஊர் அவிநாசிபாளையம். பல்லடத்திலிருந்து காங்கேயம் செல்லும் சாலையும், திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம். விடிந்தால் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்களின் ஓசை. சற்று தள்ளிப் பார்த்தால் வானத்தைத் துழாவும் காற்றாலைகள். ஊரார் அவற்றைக் 'காத்தாடி' என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று புகுந்துவிட்டால் அவற்றுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. சிறுவயதில் அந்த இறக்கைகளை இரும்பு என்றே எண்ணியிருந்தேன். அவை இரும்பல்ல, கண்ணாடி நூலும் பிசினும் சேர்ந்த பொருள் என்பதைப் பின்னர் அறிந்தபோது வியப்படைந்தேன். இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் என்று பாடநூல் கூறும் அப்பொருளைத்தான் கடைவீதியில் நாம் 'ஃபைபர்' என்கிறோம்.

அந்த இறக்கைகள் இப்போது மூப்படைந்து வருகின்றன. அவற்றைப் பற்றி ஒரு கருத்தைக் கூறவே இக்கட்டுரை. கழற்றப்படும் ஒவ்வொரு பழைய இறக்கையிலிருந்தும் கையகலத் துண்டொன்றை எடுத்துச் சோதித்த பிறகே மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சோதனையில் நம்முடையது போன்ற கல்லூரிகளுக்கும் பங்கு வேண்டும். இதுவே என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

மாமாவின் தொட்டி

இந்தப் பொருளின் குணத்தை நான் முதன்முதலில் அறிந்தது ஒரு தொட்டியின் வழியாகத்தான். என் தாய்மாமா ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்து வந்தார். அங்கே சுடுநீரைத் தேக்கி வைக்க ஃபைபர் தொட்டி ஒன்று இருந்தது. துருப்பிடிக்காது, உப்பு அரிக்காது, எடையும் குறைவு என்று வாங்கி வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் அதன் உட்புறம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அம்மை போட்டது போல இருந்ததாம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் இரவு ஷிப்டில் தொட்டியின் அடிப்பக்கம் விரிந்து, சுடுநீர் மாமாவின் கால்களில் கொட்டிவிட்டது. இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார்.

"தொண்ணூறு டிகிரி தாங்கும்னு காயிதத்துல போட்டிருந்துதே, மாப்ளே" என்று இன்றும் என்னிடம் சொல்லுவார்.

காகிதம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. அந்தத் தொண்ணூறு என்பது உலர்ந்த துண்டொன்றைச் சிறிது நேரம் சூடாக்கிப் பார்த்து எழுதிய எண். மாமாவின் தொட்டியோ மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் நனைந்த தொட்டி. உலர்ந்த பொருளின் எண்ணை நனைந்த பொருளுக்குப் போட்டதால் வந்த வினை அது. வெப்பம் தனியாக வந்தால் இப்பொருள் தாங்கும். ஈரம் தனியாக வந்தாலும் ஓரளவு தாங்கும். இரண்டும் கைகோத்து வந்தால் கணக்கே வேறாகிவிடுகிறது.

நூல்காரர்கள் அறிந்த உண்மை

நண்பர்களே, இது நமக்குப் புரியாத அறிவியல் என்று யாரும் எண்ண வேண்டாம். திருப்பூர்ப் பகுதியில் பிறந்த எவருக்கும் இதில் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும்.

என் தந்தையார் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். மழை நாளில் கோனைக் கையில் எடுத்த உடனே, "நூலு ஈரம் குடிச்சிருக்குது" என்று சொல்லிவிடுவார். பருத்தி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். நூலை எடை போட்டு விற்கும் வணிகத்தில் அதற்கென்றே 8.5 விழுக்காடு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாலியெஸ்டருக்கு அதுவே 0.4 விழுக்காடுதான். ஈரம் குடித்தால் எல்லா இழையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பருத்தி நனைந்தால் வலுக் கூடுகிறது. விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கிறது. ஆகவே 'நனைந்தபின் எவ்வளவு வலு?' என்ற கேள்வியைத் துணிக்கு நாம் என்றோ கேட்டுவிட்டோம். அதே கேள்வியை இறக்கைக்கும் கேட்க வேண்டும் என்பதுதான் இப்போதைய தேவை.

இன்னொரு உறவும் உண்டு. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைச் 'சைசிங்' என்பார்கள். கண்ணாடி இழையை உலையிலிருந்து இழுத்தவுடன் அதன்மேல் ஒரு பூச்சுப் போடுகிறார்கள். அதற்கும் பெயர் சைசிங்தான். அதில் சிலேன் என்னும் சேர்மம் இருக்கும். அதன் ஒரு கை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மறு கை பிசினைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே புகும் நீர் காலப்போக்கில் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பிசினையும் மென்மையாக்குகிறது. எபாக்சிப் பிசின் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் விறைப்பை இழந்து ரப்பர் போலாகிவிடும். அது தன் எடையில் சில விழுக்காடு நீரைக் குடித்துவிட்டால் அந்த எல்லையே இருபது, முப்பது டிகிரி கீழே இறங்கிவிடக்கூடும். பாலியெஸ்டர்ப் பிசினிலோ சுடுநீர் அதன் எஸ்டர் பிணைப்புகளையே வெட்டுகிறது. தொட்டியில் எழுந்த கொப்புளங்களுக்குப் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

ஈரத்தின் கணக்கு

ஈரம் எவ்வளவு வேகத்தில் உள்ளே புகும்? இதற்குக் கணக்கு வழி உண்டு. 1855இல் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர் விரவல் விதியை வகுத்தார். வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே 1822இல் வகுத்த சமன்பாட்டின் அச்சு அது. அதே விதியை இழை பிளாஸ்டிக்குகளுக்குப் பொருத்திக் காட்டும் கட்டுரையை 1976இல் ஷென், ஸ்பிரிங்கர் என்னும் இருவர் அமெரிக்காவில் வெளியிட்டனர். இன்று கணிப்பொறியில் நடக்கும் பெரிய கணக்குகளுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த விதியே. நம் பாடத்திட்டத்தில் உள்ள விதிதான் இது.

வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சமன்பாடு ஒன்றானாலும் வேகம் ஒன்றல்ல. இத்தகைய பிளாஸ்டிக்கில் ஈரம் பரவும் வேகம், வெப்பம் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2 மில்லிமீட்டர் தகட்டை வெப்பம் அரை நிமிடத்தில் கடக்கும் என்றால், பத்து லட்சம் அரை நிமிடங்கள் எத்தனை நாள்? ஏறக்குறைய ஓராண்டு. மேலும், தடிப்பு இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். தடிப்பு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். ஆகவே 2 மில்லிமீட்டர் தோல் ஓராண்டில் நனையுமானால், 20 மில்லிமீட்டர் தடித்த அடிப்பகுதி முழுவதும் நனைய ஒரு நூற்றாண்டு வேண்டும்!

'அப்படியானால் கவலை எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். கவலை அங்கேதான் தொடங்குகிறது. நனைந்த தோல் வீங்க முயலும். உலர்ந்த உட்பகுதி அதைத் தடுக்கும். ஒரே பொருளுக்குள் இழுபறி நடக்கும். வெயில் வந்தால் தோல் உலரும், இழுபறி திசை மாறும். நம் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் கடும் வெயில், ஆனி முதல் ஆவணி வரை பெருங்காற்று, இடையிடையே சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் பனி. இந்தச் சுழற்சியை ஓர் இறக்கை இருபது, இருபத்தைந்து முறை கடந்திருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே எறும்பு என்பது நீர் மூலக்கூறு.

வந்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு

நம் நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986இல் தொடங்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் தூத்துக்குடியில் அமைந்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கு நாட்டின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. அதன்பின் உடுமலை, குடிமங்கலம், பொங்கலூர் என்று நம் பக்கமும் பெருகின. நூற்பாலை முதலாளிகள் பலர் தங்கள் ஆலைக்குத் தேவையான மின்சாரத்துக்காகத் தாங்களே காற்றாலை நிறுவினர். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் எண்ணிப் பாருங்கள். தொடக்கக் கால இயந்திரங்களின் வடிவமைப்பு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. டென்மார்க்கின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 8, 9 டிகிரி அளவில் இருக்கும்; நம் கோவை வட்டாரத்தில் 26, 27 டிகிரி. காற்றாலைகளுக்கான உலகத் தரநெறியில் சாதாரணச் சூழல் என்பதற்கு மேல் எல்லை 40 டிகிரி. நமக்குக் கிழக்கே உள்ள கரூர் பரமத்தியில் கோடையில் அந்த எல்லை தாண்டும் நாட்கள் உண்டு. அது நிழலில் அளக்கும் வெப்பம். வெயிலில் நிற்கும் பரப்பின் வெப்பம் அதனினும் அதிகம். வெப்பம் ஏற ஏற ஈரம் புகும் வேகமும் ஏறும். ஒரு கணக்குக்காக, 13 டிகிரிக்கு ஒருமுறை வேகம் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், டென்மார்க்கில் உள்ள இறக்கையைவிட இங்குள்ள இறக்கையில் ஈரம் இரண்டரை மடங்கு வேகத்தில் நடைபோடும்.

இதனால் அந்த வடிவமைப்புத் தவறு என்று நான் கூறவில்லை. இருபது ஆண்டுக் கணக்கில் வடிவமைத்த இயந்திரங்கள் அதைத் தாண்டியும் நம் கண்முன் சுழல்கின்றன. வடித்தவர்கள் போதிய இடம் விட்டு வடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்த இடத்தில் எவ்வளவு தீர்ந்துவிட்டது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வெளியில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. மாமாவின் தொட்டியும் முதல் நாள் மாலை வரை நின்றுகொண்டுதான் இருந்தது.

அவசரச் சோதனை

ஆய்வுக்கூடத்தார் இருபது ஆண்டுகள் காத்திருக்க முடியுமா? முடியாது. எனவே துண்டுகளை 70 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்து, எடை ஏறுவது நிற்கும்வரை ஊறவைக்கிறார்கள். மேற்சொன்ன கணக்கின்படி 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் வேகம் மூன்று முறை இரட்டிக்கும், எட்டு மடங்காகும். ஓராண்டு ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். பிறகு துண்டை இழுத்து, வளைத்து, முறித்துப் பார்த்து எண்ணைக் குறிக்கிறார்கள். அந்த எண்களைக் கொண்டு கணிப்பொறியில் மாதிரிக் கணக்குப் போடுகிறார்கள்.

அறிவார்ந்த முறைதான். ஆனால் இதில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. 70 டிகிரியில் விரைவாக நடப்பதும், 30 டிகிரியில் மெதுவாக நடப்பதும் ஒரே நிகழ்ச்சிதான் என்னும் நம்பிக்கை அது. சோற்றை மெல்லிய தீயில் வேகவைப்பதற்குப் பதிலாக எட்டு மடங்கு தீயில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் அதே சோறு கிடைக்குமா? அடி பிடித்துவிடும். பிசினிலும் சூடு மிகுந்தால் புதிய சிதைவுகள் தொடங்கக்கூடும்; மெதுவாக நடக்க வேண்டிய சில மாற்றங்கள் நடக்காமலே போகவும் கூடும். அன்றியும், ஆய்வுக்கூடத்தில் வெப்பமும் ஈரமும் ஒன்றாக, சீராக வருகின்றன. நம் ஊரில் அவை முறை வைத்துக்கொண்டு வருகின்றன. அவற்றோடு காற்றின் சுமையும், வெயிலின் புறஊதாக் கதிரும், புழுதியும் சேர்ந்து வருகின்றன.

மாதிரிக் கணக்கு வேண்டாம் என்பது என் வாதமன்று. கணக்கு இல்லாமல் பாலமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேலடுக்கு மோட்டார்களுக்கும் இழை பிளாஸ்டிக் கூடுகள்தான் அமைத்திருந்தார்கள். அத்திட்டத்தின் இயக்குநர் நம் அப்துல் கலாம் அவர்கள். ஆனால் ராக்கெட்டில் அப்பொருள் சில நிமிடங்கள் உழைத்தால் போதும். காற்றாலையில் கால் நூற்றாண்டு உழைக்க வேண்டும். கால் நூற்றாண்டைப் பற்றிய கணக்கைச் சரிபார்க்கக் கால் நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற பொருள் ஒன்று வேண்டும். அது எங்கே கிடைக்கும்?

நிற்கும் சோதனைக்கூடம்

அது எங்கள் ஊர்ப் புறத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது! தொண்ணூறுகளில் நிறுவிய 225, 250 கிலோவாட் சிறு காற்றாலைகளின் இறக்கைகளே அவை. எந்த ஆய்வுக்கூடமும் செய்ய முடியாத சோதனையை இயற்கை செலவின்றிச் செய்து முடித்து வைத்திருக்கிறது. விடைத்தாளைத் திருத்துவது ஒன்றுதான் பாக்கி.

ஆனால் விடைத்தாள்கள் எடைக்குப் போய்விடும் போலிருக்கிறது. பழைய காற்றாலைகளை மாற்றுதல், செப்பனிடுதல், ஆயுள் நீட்டித்தல் ஆகியவை பற்றித் தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சிறியவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நிறுவினால் அதே இடத்தில் அதிக மின்சாரம் கிடைக்கும் என்பது உண்மை. கோபுர இரும்புக்கு விலை உண்டு. செம்புக் கம்பிக்கு விலை உண்டு. இறக்கையை யார் வாங்குவார்? ஒருமுறை இறுகிய பிசினை மீண்டும் உருக்கி வார்க்க முடியாது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகரக் குப்பைக்கிடங்கில் பழைய இறக்கைகளை வரிசை வரிசையாகப் புதைத்த படம் உலகெங்கும் வெளிவந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றே தோன்றியது: இருபது ஆண்டு அனுபவத்தை ஒரு வார்த்தை பேசவிடாமல் புதைக்கிறார்களே!

இங்கேயும் அப்படி நடக்க வேண்டுமா? 'ஆயுள் நீட்டிக்கலாம்' என்று ஒரு காற்றாலைக்குச் சான்று தர வேண்டுமானால், அதே வகை, அதே வயது இறக்கையின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அந்தக் காற்றாலைகளின் அடியில் ஆடு மேய்ப்பவர்களும், காட்டில் சோளம் அறுப்பவர்களும் எங்கள் ஊர் மக்கள். 'தாங்கும்னு காயிதத்துல போட்டிருந்துது' என்ற சொல்லை இன்னொரு குடும்பமும் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

ஆகவே மூன்று தரப்பாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். அரசு, பழைய இறக்கையை அப்புறப்படுத்தும் முன் அடிப்பகுதி, நடு, நுனி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் துண்டெடுத்துச் சோதிப்பதை ஒரு நிபந்தனையாக்க வேண்டும். காற்றாலை உரிமையாளர்கள், இயந்திரம் நிறுவிய ஆண்டையும் இடத்தையும் எழுதி அத்துண்டுகளைக் கல்விக்கூடங்களுக்குத் தர வேண்டும். அதனால் அவர்களுக்கு ஒரு காசும் நட்டமில்லை. மூன்றாவது வேண்டுகோள் நமக்கே.

நம்மால் ஆகுமா?

'இதெல்லாம் ஐ.ஐ.டி.யில் செய்ய வேண்டிய வேலை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்கும் நமக்கு எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். என்னிடமே கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன்.

5 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிப்பு உள்ள ஒரு தகட்டின் கன அளவு 5 கன சென்டிமீட்டர். கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.8 என்று கொண்டால் எடை 9 கிராம். அது ஒரு விழுக்காடு ஈரம் குடித்தால் எடை 90 மில்லிகிராம் கூடும். வேதியியல் ஆய்வகத்தில் உள்ள தராசு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும். பிறகென்ன குறை? வாரம் ஒருமுறை எடை போட்டு, காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைபடம் வரைந்தால், ஃபிக் சொன்னபடி முதலில் நேர்கோடு கிடைக்கிறதா, எப்போது வளைகிறது என்று தெரிந்துவிடும். கோடு விலகினால் அதுவும் ஒரு செய்தியே; அங்கே விரிசலோ சிதைவோ தொடங்கியிருக்கலாம். துண்டுகளை இழுத்து முறித்துப் பார்க்க நம்மிடம் இயந்திரம் இல்லைதான். 1956 முதல் நூலின் வலுவை அளந்து வரும் சிட்ரா கோவையில் இருக்கிறது; பொறியியல் கல்லூரிகளும் அருகிலேயே இருக்கின்றன. கேட்டால் உதவ மாட்டார்களா?

நான் நினைப்பது இவ்வளவுதான். கல்லூரி மொட்டை மாடியில் வெயில், மழை படும்படி நான்கு தகடுகள். ஆய்வகத்தில் நீரில் ஊறும் நான்கு. உலர்ந்த பெட்டியில் ஒப்பீட்டுக்கு நான்கு. பழைய இறக்கைத் துண்டு கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்வோம். அதை உலர்த்தி எடை போட்டாலே அது இதுவரை குடித்த ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டு, முகமூடி அணிந்தே அறுக்க வேண்டும். இவற்றோடு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டுத்தான் முதன்மையானது. நான் அடுத்த ஆண்டு இக்கல்லூரியை விட்டுச் சென்றுவிடுவேன். நான் தொங்கவிடும் தகடு அதற்குள் முழுதாக நனைந்திருக்காது. எனக்குப் பின் வரும் தம்பி, தங்கையர் அதை எடை போட வேண்டும். அவர்களுக்குப் பின் வருவோரும் போட வேண்டும். மாணவன் மூன்றாண்டுகளில் போய்விடுவான். கல்லூரி நிற்கும், தராசு நிற்கும், நோட்டும் நிற்கும். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதிய ஒரு நோட்டு, கோவை வட்டாரத்து வெயிலிலும் மழையிலும் ஃபைபர் என்ன ஆகிறது என்பதற்கு இந்த மண்ணிலேயே அளந்த சான்றாகும். வெளியூர் எண்களை வைத்து நம் ஊர்க் கணக்கைப் போடும் நிலை அப்போது மாறும்.

என் வீட்டில் கல்லூரிப் படிக்கட்டை முதலில் மிதித்தவன் நான். "படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று மாமா கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். இப்போது ஒரு பதில் இருக்கிறது. காகிதத்தில் போட்டிருக்கும் எண் நனைந்தபின்னும் நிற்குமா என்று பார்த்துச் சொல்லப் போகிறேன்.

பேராசிரியப் பெருமக்கள் அனுமதி தர வேண்டும். நண்பர்கள் கை கொடுக்க வேண்டும். வரும் ஆடிக்காற்றுக்கு முன் முதல் தகட்டை மாடியில் தொங்கவிடுவோமா?